விறகு (வன்னிப் பெருநிலம்)

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வீட்டுச் சமையலின் முதன்மை எரிபொருள் இன்றும் விறகே. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை விறகில் சமைத்தன. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டரின் விலை 4,860 ரூபாயாக ஏறியபோது, அடுப்பை மறந்திருந்த நகர வீடுகளும் விறகு காலைக்குத் திரும்பின.

எந்த மரமானாலும், முழுதும் உலர்ந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தரும்; 18 முதல் 20 மெகாயூல் வரை. பாலைக்கும் முருங்கைக்கும் உள்ள வேறுபாடு செறிவில்தான். பாலையின் வைரம் தண்ணீரில் தாழும், முருங்கை மிதக்கும். ஆகவே மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் விறகு எந்தக் கணக்கில் விற்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கிலோவிலோ அந்தரிலோ நிறுத்துத் தந்தால் காய்ந்ததை எடுப்பதே இலாபம். உழவு இயந்திரப் பெட்டிக் கணக்கில் பறித்துவிட்டுப் போனால் வைரமானதை எடுக்க வேண்டும். பச்சை விறகை நிறுத்து வாங்குவதுதான் பெரிய நட்டம். ஓர் அந்தர் 112 இறாத்தல், கிட்டத்தட்ட 51 கிலோ. அன்று தறித்த மரத்தில் பாதி எடை தண்ணீராக இருக்கலாம். அப்படியானால் 25 கிலோ தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். நன்றாகக் காய்ந்த விறகில் அது 10 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். நட்டம் அத்தோடு முடிவதில்லை. ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 2 மெகாயூலுக்கு மேல் நெருப்பு வீணாகும். குசினி நிறையும் புகையும் அதிலிருந்துதான் வருகிறது. அடுப்படியில் நிற்கும் பெண்களின் கண்ணும் நெஞ்சும் அதற்கு விலை கொடுக்கின்றன.

காய்ச்சலைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. காய்ந்த கொள்ளியின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை விரல்பட்டாலே கழலும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். பச்சையானால் சத்தம் மந்தமாக இருக்கும். எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளிச் சீறும் விறகை வெளியே இழுத்து வெயிலில் போடுவதே நல்லது.

காட்டு விறகில் வீரை, காயா போன்ற வைரமான மரங்கள் நின்று எரிந்து தணலாகும். கஞ்சிக்கும் நெல் அவிப்பதற்கும் உகந்தவை. பாலையும் முதிரையும் செறிந்த மரங்களே. ஆனால் முதிரை அரிய தளபாட மரம். பாலையோ பழம் தரும் மரம், தறித்த இடத்தில் இன்னொன்று பெருக ஒரு தலைமுறை போதாது. அவற்றை அடுப்பில் வைப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. முள்முருக்கும் முருங்கையும் தாள்போல எரிந்து சாம்பலாகும். மூட்டுவதற்கு மட்டும் உதவும்.

உண்மையில் மலிவான விறகு வேலியில் நிற்கிறது. சீமைக்கிளுவைக் கதியாலை வெட்ட வெட்டத் தளிர்க்கும். குழை ஆட்டுக்கும் வயலுக்கும், தடி அடுப்புக்கும் போகும். பூவரசும் அப்படியே. அடுத்தது தென்னையும் பனையும்: சிரட்டை, பொச்சுமட்டை, பாளை, பன்னாடை, கங்குமட்டை, ஊமல். சிரட்டை எடைக்கு எடை மரத்தையும் விஞ்சும் சூடு தரும். மரக்காலையில் கிடைக்கும் மரத்தூளுக்கு வேறு அடுப்பு வேண்டும். அடியில் ஓரத் துளையுள்ள தகரத்தின் நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, துளைவழியே இன்னொன்றைப் படுக்க வைத்து, சுற்றிலும் தூளை இறுக்கி அடித்துவிட்டுப் போத்தல்களை மெல்ல உருவ வேண்டும். கீழ்த்துளையில் ஒரு கொள்ளியைச் செருகினால் உள்ளிருந்து கனன்று ஒரு நேரச் சமையலுக்குத் தாங்கும்.

நந்திக்கடல், நாயாறு ஓரங்களில் வளரும் தில்லையைத் தொடவே கூடாது. அதன் பால் கண்ணைக் கெடுக்கும். அலரித் தடியும் வர்ணம் பூசிய பழம்பலகையும் சமையலடுப்புக்கு ஆகாதவை. 2009 இல் போர் முடிந்த புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கத்து முதுமரங்களில் எறிகணைச் சன்னங்கள் புதைந்திருக்கக்கூடும். கோடரி போடுமுன் பட்டையின் தழும்புகளைப் பார்க்க வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காட்டுக்குள் ஒரு சுள்ளிக்காகவும் இறங்கக் கூடாது.

அரச காட்டில் அனுமதியின்றி மரம் தறிப்பது 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். சொந்தக் காணியிலும் பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றுக்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

ஐப்பசியில் மாரி தொடங்கினால் விறகு விலை ஏறும், காய்ச்சலும் குறையும். வைகாசியிலேயே வாங்கிப் பிளந்து போட்டால் சோளகக் காற்றும் வெயிலும் நான்கு மாதத்தில் உலர்த்திவிடும். கறையான் ஏறாதபடி கல்லின்மேல் குறுக்குத்தடி போட்டு, காற்றுப் போக இடம்விட்டு அடுக்கி, மேலே மட்டும் கிடுகாலோ தகரத்தாலோ மூட வேண்டும். முழுவதும் சுற்றிக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். புடையனும் தேளும் ஒதுங்கும் இடமாதலால் அடுக்கு வீட்டுச் சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். இரவில் வெளிச்சமின்றிக் கை வைப்பது ஆபத்து.

1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட இரட்டை வாய் மண்ணடுப்பான அனகி, மூன்று கல் அடுப்பைவிடத் தெளிவாகக் குறைந்த விறகில் சமைக்கும். அதற்கு மணிக்கட்டிலும் மெல்லிய பிளப்பு வேண்டும். வாயை அடைக்கும் மொத்தக் கட்டை காற்றை மறித்துப் புகையும். சமையல் முடிந்ததும் மிஞ்சிய கொள்ளியை இழுத்து மணலில் அமர்த்தினால், அது மறுநாள் முதல் மூட்டலுக்கு உதவும்.