நிழலில் வளர்ந்த இலை

“காரம் குறைவாக இருக்க வேண்டும், காசும் குறைவாக இருக்க வேண்டும்!”

சுருட்டுக் கடைப்படியை முதன்முதலாக மிதிக்கும் இளைஞன் கேட்பது இந்த இரண்டைத்தான். கடைக்காரர் தயங்குவதில்லை. நரம்பு தெரியாமல், சுருக்கம் இல்லாமல், பட்டுத்துணிபோல் பளபளக்கும் வெளிர்நிற இலை சுற்றிய சுருட்டு ஒன்றை எடுத்து நீட்டுகிறார். “புதியவர்களுக்கு இதுவே ஏற்றது” என்கிறார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் உரையாடல் இது. வாங்குகிறவன் மகிழ்கிறான், விற்கிறவனும் மகிழ்கிறான். மென்மை என்றும் மலிவு என்றும் அவர்கள் பேசிக்கொள்ளும் அந்த இரண்டு சொற்களும் எங்கே பிறந்தன, யாருடைய முதுகில் ஏறி அந்தக் கடைவரை வந்து சேர்ந்தன என்று அவனும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. நாம் கேட்போம்.

சுருட்டு என்பது மூன்று இலைகளின் கூட்டு. உள்ளே நீளவாக்கில் அடைக்கப்படும் இலை ஒன்று. அதை அவிழாமல் கட்டிப் பிடிக்கும் இலை ஒன்று. எல்லாவற்றிற்கும் மேலே, அழகுக்கு ஆடை போர்த்துவதுபோல் சுற்றப்படும் மேலிலை ஒன்று. காரத்தைப் பெரிதும் முடிவு செய்வது உள்ளே அடைபட்டுக் கிடக்கும் இலை. செடியின் உச்சியில், வெயிலை நேரே வாங்கி வளர்ந்த இலையில் நிகோடின் மிகுதி. அடியில் வளர்ந்த இலையில் குறைவு. உச்சி இலையைக் குறைத்து அடி இலையைக் கூட்டினால் சுருட்டு மென்மையாகும். மாற்றி வைத்தால் தலை சுற்றும். இவ்வளவுதான் இரகசியம்!

ஆனால், நம்பிக்கை எப்படி நடமாடுகிறது? “வெளுத்திருந்தால் மென்மை, கறுத்திருந்தால் கடுமை” என்று நடமாடுகிறது. மேலிலை கறுப்பது பெரும்பாலும் அது நெடுநாள் குவித்து வைக்கப்பட்டுப் பதப்படுத்தப்பட்டதால். அந்தக் கறுத்த இலையில் இனிப்புச் சுவையே மேலோங்கி நிற்பதும் உண்டு. வெளுத்த போர்வைக்குள்ளே நெருப்பை வைத்துச் சுற்றவும் கைதேர்ந்த தொழிலாளியால் முடியும். மேனி நிறத்தைக் கண்டு உள்ளத்தின் தரத்தை முடிவு கட்டும் மடமை மனிதரோடு நிற்கவில்லை; புகையிலை வரை போயிருக்கிறது!

மென்மை என்ற சொல் இன்னொரு மயக்கத்தையும் ஊட்டுகிறது. காரம் குறைந்தால் கேடும் குறையும் என்பது அது. மருத்துவ ஆராய்ச்சி இதை ஒப்பவில்லை. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. ஆகவே, உள்ளிழுக்காமல் வாயிலே வைத்திருந்தாலும் நிகோடின் வாய்த்தோலின் வழியே குருதியில் கலக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் சுருட்டைப் பற்றித் தனியே ஓர் ஆய்வுநூல் வெளியிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழல் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்குச் சுருட்டு காரணமாகிறது என்பதை அது எடுத்துக் காட்டியது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட்டுக்கு ஈடான புகையிலை அடங்கியிருப்பதும் உண்டு. மென்மை நாவுக்கு; நுரையீரலும் தொண்டையும் அந்தச் சலுகையைப் பெறவில்லை.

இனி, அந்தப் பட்டுமேனி இலையின் பிறப்பிடத்திற்குச் செல்வோம்.

1863-ஆம் ஆண்டு. சுமத்ராத் தீவின் கிழக்குக் கரையில் டெலி என்ற சிறு நாடு. அங்கே நீனூயிஸ் என்ற டச்சு வணிகர் வந்திறங்கினார். டெலியின் சுல்தான் நிலம் தந்தார். காடு அழிந்தது, புகையிலை முளைத்தது. அடுத்த ஆண்டே விளைச்சல் ஐரோப்பாவுக்குப் போயிற்று. இலையைத் தொட்டுப் பார்த்த வணிகர்கள் வியந்தனர். அவ்வளவு மெல்லியது, அவ்வளவு அகலம், வெளிர் நிறம், சுவையில் முனைப்பு இல்லை. ஒரு பவுண்டு இலையைக் கொண்டு மற்ற இலைகளைவிட மிகப் பல சுருட்டுகளைச் சுற்றிவிடலாம். உள்ளே எந்த மட்டமான இலை இருந்தாலும் மேலே இதைப் போர்த்திவிட்டால் சுருட்டுக்கு உயர்குடித் தோற்றம் வந்துவிடும். 1869-இல் டெலிக் கம்பெனி தோன்றியது. சதுப்பு நிலத்திலே மேடான் நகரம் எழுந்தது.

எழுப்பியவர் யார்? சீனத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகள். பின்னர் சாவகத்திலிருந்து ஆண்களும் பெண்களும். இவர்களோடு தமிழரும் இருந்தனர். வண்டி ஓட்டவும், சாலை போடவும், வாய்க்கால் வெட்டவும் அவர்களை அமர்த்தினர். மேடானிலே அவர்கள் குடியிருந்த பகுதி ‘கம்போங் கெலிங்’ எனப்பட்டது. இன்று ‘கம்போங் மதராஸ்’ என்று வழங்குகிறது. இலங்கைத் தேயிலையிலும் மலேயா ரப்பரிலும் மட்டுமன்று, சுமத்ராச் சுருட்டிலையிலும் தமிழனின் வியர்வை உண்டு என்பதை அந்த ஊர்ப்பெயர் நினைவூட்டுகிறது.

1880-இல் டச்சு ஆட்சி கூலிச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. தொழிலாளி ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துவிட்டால், வேலையை விட்டுப் போவது குற்றம். பணிய மறுப்பது குற்றம். தண்டனை அபராதம், சிறை, கட்டாய உழைப்பு! கூலி தரத் தவறிய முதலாளியின் கணக்கை எவரும் பார்க்கவில்லை. கூலியாளுக்கோ முன்பணம் என்ற பெயரில் கடன். ஆண்டு முடிவில் இலையை எண்ணித் தரம்பார்த்து விலை போடுவார்கள். போட்ட விலையில் கடனைக் கழிப்பார்கள். கழித்தபின் மிஞ்சுவது மறுபடியும் ஓர் ஒப்பந்தம்.

மேடானிலே வழக்கறிஞராக இருந்த வான் டென் பிராண்ட் என்ற டச்சுக்காரரே இந்தக் கொடுமையைத் தாங்க மாட்டாமல் 1902-இல் ‘டெலியிலிருந்து வரும் கோடிகள்’ என்ற பொருள்படும் தலைப்பிலே சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். கூலிகளை அடித்ததும் அடைத்துவைத்ததும் அம்பலமாயின. அரசு ரெம்ரெவ் என்ற அதிகாரியை அனுப்பி விசாரித்தது. அவர் 1904-இல் அறிக்கை தந்தார். அறிக்கை அச்சேறியதா? இல்லை! படித்தவர்கள் பெட்டியிலே வைத்துப் பூட்டினர். யான் பிரேமன் என்ற சமூகவியல் அறிஞர் தேடி எடுத்து 1987-இல் வெளியிடும்வரை அது உலகின் கண்ணில் படவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் உண்மை உறங்க வைக்கப்பட்டிருந்தது. அந்த எண்பது ஆண்டுகளும் கடைக்காரர் “மென்மையானது” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

மென்மையின் கதை இது. மலிவின் கதையை நியூயார்க் நகரத்தின் வாடகைக் குடியிருப்புகளில் காணலாம். 1870-களில் அங்கே முதலாளிகள் ஒரு வழி கண்டனர். தொழிற்சாலை கட்டுவானேன்? குடியிருப்பையே கட்டி, அறையை வாடகைக்கு விட்டு, அதே அறையில் குடும்பத்தையே சுருட்டுச் சுற்ற வைத்தால் போதாதா? பொஹீமியாவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் அகப்பட்டன. தந்தை சுற்றினார், தாய் சுற்றினாள், குழந்தை இலைக்காம்பைக் கிள்ளியது. படுக்கையின் பக்கத்தில் புகையிலை. உணவுத்தட்டின் பக்கத்தில் புகையிலை. கூலி கொடுத்த கையே வாடகை வாங்கும் கை!

சுருட்டுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவரும், பின்னர் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானவருமான சாமுவேல் கோம்பர்ஸ் இந்த முறையை ஒழிக்கப் போராடினார். சட்டமன்றத்தில் இளம் உறுப்பினராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் முதலில் மறுத்தார். குடியிருப்புகளை நேரில் கண்டபின் மாறினார். 1884-இல் தடைச்சட்டம் நிறைவேறிற்று. மறு ஆண்டே, 1885-இல், மாநில உயர்நீதி மன்றம் ஜேக்கப்ஸ் வழக்கில் அதைத் தூக்கி எறிந்தது. காரணம் என்ன தெரியுமா? இல்லத்தின் புனிதச் சூழலிலிருந்து தொழிலாளியைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் வேலை செய்ய வைப்பதால் அவன் உடல்நலமும் ஒழுக்கமும் எப்படி உயரும் என்று நீதிபதிகளுக்கு விளங்கவில்லையாம்! புகையிலைக் குவியலுக்கிடையே குழந்தை உறங்கிய அறையைத்தான் அவர்கள் புனித இல்லம் என்றனர்.

சுமத்ரா இலை அமெரிக்கச் சந்தையையும் பிடித்துக்கொண்டது. உள்நாட்டு விவசாயிகள் கூக்குரலிட்டனர். 1890-இல் வந்த மெக்கின்லி சட்டம் மேலிலைக்குப் பவுண்டுக்கு 2 டாலர் வரி போட்டது. வரி ஏறியும் வரவு நிற்கவில்லை. இனி அந்த இலையை இங்கேயே வளர்ப்பதுதான் வழி என்று முடிவு செய்தனர். சுமத்ராவின் வெப்பத்தையும் ஈரத்தையும் முகில் மூட்டத்தையும் கனெக்டிகட் மாநிலத்திற்கு எப்படிக் கொண்டுவருவது? அறிவியல் வழி சொல்லிற்று. 1900-இல் வின்ட்சர் ஊரை அடுத்த போகுவனாக்கில், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில், கம்பம் நட்டு, கம்பி கட்டி, மெல்லிய துணியைக் கூரையாகப் போர்த்தினார்கள். துணிக்குக் கீழே வெப்பம் தங்கியது, ஈரம் தங்கியது, வெயிலின் கடுமை வடிந்தது. இலை அகன்றது, மெலிந்தது, வெளுத்தது. ‘நிழல் இலை’ என்ற பெயரும் அதற்கு வந்தது. இன்றும் புதியவனுக்குப் பரிந்துரைக்கப்படும் மென்சுருட்டின் மேலிலை பெரும்பாலும் இதன் வழிவந்ததே. முகிலே கூரையாகக் கவிந்திருக்கும் ஈக்குவடோர் நாட்டிலே இப்போது அது துணியில்லாமலே வளர்கிறது.

இலைக்கு நிழல் கிடைத்தது. பறித்தவனுக்கு அந்தத் துணிக்கூரையின் கீழே புழுக்கம் கிடைத்தது. கோடைதோறும் ஆள் தேவை. தெற்கே நீக்ரோ மக்களுக்கென இருந்த கல்லூரிகளின் மாணவர்களைத் தோட்டக்காரர்கள் வரவழைத்தனர். படிப்புச் செலவுக்குப் பணம் தேடி அவர்களும் வந்தனர். 1944-ஆம் ஆண்டுக் கோடையில் அட்லாண்டாவிலிருந்து சிம்ஸ்பரித் தோட்டத்திற்கு வந்த மாணவர்களில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மார்ட்டின் லூதர் கிங் என்பது அவன் பெயர்.

பகலெல்லாம் வயலில் உழைப்பு. ஓய்வு நாளில் ஹார்ட்ஃபோர்ட் நகரம். அங்கே ஓர் உயர்ந்த உணவு விடுதிக்குள் அவன் நுழைந்தான்; எவரும் தடுக்கவில்லை; உட்கார்ந்தான், உண்டான். எந்த இனத்தவரும் எங்கும் உட்கார்ந்து உண்ணலாம் என்ற நிலை ஒன்று உண்டு என்பதையே அவன் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வியப்பை வீட்டுக்குக் கடிதமாக எழுதினான்.

கோடை முடிந்தது. ஊர் திரும்பப் புகைவண்டி ஏறினான். வாஷிங்டன் வரை விரும்பிய இடத்தில் உட்கார முடிந்தது. அதற்குத் தெற்கே நிலைமை மாறியது. உணவு வண்டியின் கோடியில் இருந்த மேசையில் அவனை அமர்த்தி, வெள்ளையர் கண்ணில் படாதவாறு குறுக்கே ஒரு திரையை இழுத்துவிட்டனர். தன் தன்மானத்தின் மீதே அந்தத் திரை விழுந்ததாக உணர்ந்தேன் என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். மூன்று திங்களாகத் துணிக்கூரையின் கீழே நின்று, வெள்ளை இலைக்குக் காயம் படாமல் காத்த கைகள் அவை!

1947-இல் அவர் மீண்டும் அந்தத் தோட்டத்திற்கு வேலைக்கு வந்தார். உணவு வண்டித் திரையை எதிர்த்து எல்மர் ஹெண்டர்சன் என்ற மற்றொரு கறுப்பினத்தவர் தொடுத்த வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்தது. 1942-இல் அலபாமா செல்லும் வழியில் இதே திரையின் அருகே இடம் மறுக்கப்பட்டவர் அவர். 1950 ஜூன் 5-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதி மன்றம் தீர்ப்புச் சொன்னது: திரை, தடுப்பு, அறிவிப்புப் பலகை எதுவும் கூடாது என்று.