கடைமடைக்கு வரும் ஒளி: உக்குவளையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

செய்தித் தொடர்பின் வரலாறு பெரும்பாலும் நெடுந்தூரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கடல் கடந்த தந்திவடங்களும் விண்ணிற் சுழலும் செயற்கைக் கோள்களும் நூல்களிற் பேரிடம் பெறுகின்றன. ஆயின் செய்தியொன்று ஒருவரது கையை வந்தடையும் வேகத்தை நிர்ணயிப்பது நெடுவழியன்று. அதன் இறுதியிலுள்ள குறுவழியே. குளம் நிறைந்திருந்தாலும் கடைமடைக்குரிய வாய்க்கால் தூர்ந்திருக்குமாயின் பயிர் கருகவே செய்யும். இவ்வுண்மையை இலங்கைத் தொடர்பு வரலாற்றில், குறிப்பாக மாத்தளை மாவட்டத்து உக்குவளையைச் சார்ந்து, நோக்குவதும், இன்று வீடுதேடி வரும் ஒளியிழை இணையத்திற்கான சாதனங்களைத் தெரிவதில் அது தரும் பாடத்தைக் காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியச் செய்திகள் நீராவிக் கப்பல் மூலம் காலித் துறைமுகத்தை வந்தடைந்தன. கடலில் வாரக்கணக்காக விரைந்து வந்த செய்தி, காலியிலிருந்து கொழும்புக்கு வரும் தரைவழியிலேயே தாமதமுற்றது. அத்தாமதத்தை வெல்லும் பொருட்டு ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை 1850ஆம் ஆண்டிற் புறாத் தபாலைத் தொடங்கியது. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி அமைக்கப்பட்டதும் புறாக்களின் பணி முடிவுற்றது. கப்பலின் வேகத்தைக் கூட்டுவதால் மட்டும் தீராத இடர், கடைவழியைச் சீர்செய்ததால் தீர்ந்தது.

மலைநாட்டிலும் இவ்வாறே. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை, உக்குவளை வழியாக 1880இல் மாத்தளையை அடைந்தது. கோப்பித் தோட்டங்களின் தேவையே மலைநாட்டுப் பாதைகளைத் தோற்றுவித்தது. ஆனால் 1869இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மாத்தளைப் பாதை திறக்கப்பட்டது. பாதை யாருக்காக அமைக்கப்பட்டது என்பதும் சிந்தனைக்குரியது. தோட்டத்திற்கு வந்த தபால் காரியாலயத்திற்கே வந்தது. பின்னர் வந்த தொலைபேசியும் துரையின் பங்களாவிலும் காரியாலயத்திலுமே ஒலித்தது. லயத்துக் காம்பறாவிற்கும் காரியாலயத்திற்கும் இடைப்பட்ட சில நூறு யார் தூரத்தைக் கடக்கத் தொடர்புக் கம்பி எதுவும் வரவில்லை.

இதனினும் துலக்கமான சான்று உக்குவளையிலேயே உண்டு. பொல்கொல்லையிற் றிருப்பப்பட்ட மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியாக வந்து, உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளை இயக்கிச் சுது கங்கையிற் கலக்கின்றது. 1976இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் ஆற்றல் சுமார் 40 மெகாவாற் ஆகும். எனினும் மலையகத் தோட்ட லயங்கள் பலவற்றில் அதன் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஆக்கும் இடம் அருகிலிருப்பது ஒன்று; பயன்படுத்தும் வழி வாய்த்திருப்பது மற்றொன்று.

ஒளியிழையின் வரலாறும் இத்தகையதே. தூய கண்ணாடி இழையில் ஒளியை நெடுந்தூரம் செலுத்தலாம் என்பதைச் சார்ள்ஸ் காவோ 1966இல் எடுத்துக்காட்டினார். 1988இல் அத்திலாந்திக் கடலடியில் முதலாவது ஒளியிழை வடம் சேவைக்கு வந்தது. இலங்கையிற் றொலைத்தொடர்புத் துறை 1980இல் தபாற் பகுதியிலிருந்து பிரிந்து, 1991இற் கூட்டுத்தாபனமாகி, 1996இற் கம்பனியாக மாறியது. நாட்டைப் பிற நாடுகளுடன் இணைக்கும் வடங்கள் ஒளியிழையாக மாறிய பின்னரும், வீட்டிற்கு வந்தது பழைய செப்புக் கம்பியே. பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட அதன் வேகம் குன்றியது. ஒளியிழை வாசல்வரை வந்தபோது அக்கடைவழியும் சீரடைந்தது. எனவே, குறுகிய வழி இப்பொழுது வாசலைத் தாண்டி வீட்டிற்குள்ளே புகுந்துள்ளது எனலாம்.

வீட்டிற்குள் வரும் இழை முதலில் ஒளிச் சைகையை மின் சைகையாக மாற்றும் பெட்டியில் முடிகின்றது. இதனைப் பொதுவாகச் சேவை வழங்குநரே பொருத்துவர். அதன்பின் நிற்பது, பல கருவிகளுக்கு இணைப்பைப் பகிரும் ரவுட்டர். இவ்விரண்டும் ஒரே பெட்டியில் அமைவதும் உண்டு. தெரிவு செய்வோர் முதலில் நோக்க வேண்டியது அதன் துறைகளின் வேகத்தையாகும். நூறு மெகாபிற் துறையுடைய ரவுட்டரை 300 மெகாபிற் இணைப்பிற் பொருத்தினால் ஏறத்தாழ 94 மெகாபிற் மட்டுமே கிடைக்கும். ஆதலால் எல்லாத் துறைகளும் கிகாபிற் தரத்தனவா என்பதை வாங்குமுன் உறுதிசெய்தல் வேண்டும். இணைப்பு ஒரு கிகாபிற்றைக் கடந்தாலன்றி 2.5 கிகாபிற் துறைக்காக மேலதிகப் பணம் செலவிடுவது வீணாகும்.

அடுத்து நோக்கத்தக்கது சுவராகும். வைபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு ஊடுருவும். ஆயின் வேகம் குறைந்தது. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது; ஆயின் கற்சுவரும் கொங்கிரீற்றுத் தட்டும் அதனை விரைவில் நலிவுறச் செய்யும். பெட்டியின்மீது நிற்கும் அன்ரனாக்களின் எண்ணிக்கை இவ்வியற்கையை மாற்றிவிடாது. லயத்துக் காம்பறாவிற்கோ சிறிய வீட்டிற்கோ நடுவில் வைக்கப்பட்ட சாதாரண ரவுட்டர் ஒன்றே போதும். 2019இல் சான்றளிப்புத் தொடங்கிய ஆறாம் தலைமுறை வைபை, பல கருவிகள் ஒருங்கே இயங்கும் வீட்டிற்குப் பெரிதும் பயன்படும். மாடிவீடாயின், ‘கற் 6’ எனப்படும் செப்பு வடத்தை மேல்மாடிக்கு இழுத்து ஆங்கே இன்னொரு வைபைப் பெட்டியை வைப்பதே சிறந்தது. வாங்கிய அலையையே மீள ஒலிபரப்பும் மலிவான ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியளவிற்குக் குறைத்துவிடக் கூடும். செப்புப் பூசிய அலுமினிய வடத்தையும் தவிர்த்தல் நன்று.

மூன்றாவது மின்சாரம். கண்ணாடி இழை மின்னைக் கடத்தாது. ஆகவே செப்புக் கம்பிவழி வந்த இடிமின்னலின் தாக்கம் இதன்வழி வாராது. ஆயினும் பெட்டிகளுக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். மின்னல் அவ்வழியாகவும் வரும். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே விலையுயர்ந்த ரவுட்டர் ஒன்றிலும் பார்க்க, நடுத்தர ரவுட்டரும் அதற்கேற்ற சிறிய மின்கலப் பெட்டியும் வாங்குவது அறிவுடைமையாகும். தயாரிப்பாளர் பாதுகாப்பு மென்பொருளை இன்னும் எத்தனை ஆண்டு வழங்குவார் என வினவுவதும் இன்றியமையாதது.

இவை கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இடைப்பட்ட சிறு விடயங்கள் எனச் சிலர் கருதலாம். அவ்வாறு கருதுவது பொருந்தாது. 2020இற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு விரிவுரைகள் இணையவழி நிகழ்ந்தபோது, எவ்வீட்டில் எவ்விடத்தில் அலை கிடைத்தது என்பதே ஒரு மாணவர் விரிவுரையைக் கேட்டாரா இல்லையா என்பதை நிர்ணயித்தது. முன்விறாந்தையில் ரவுட்டரும் பின்னறையில் படிக்கும் பெண்பிள்ளையும் இருக்கும் வீட்டில், பங்களாவில் ஒலித்த தொலைபேசியின் வரலாறே சிறிய அளவில் மீண்டும் நிகழ்கின்றது. படிப்பவர் இருக்குமிடமே பெட்டியின் இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும்.

வீட்டினுள் உள்ள குறுவழியை நம் பணத்தாலும் அறிவாலும் நாமே சீர்செய்துகொள்ளலாம். ஆனால் பிரதான வீதிக் கம்பத்திலிருந்து லயத்து வாசலுக்குள்ள குறுவழி தனியொருவரின் பணப்பையால் அமைவதன்று. நெடுவழி அமைத்த பெருமையை மட்டும் எழுதும் வரலாறு அரை வரலாறேயாகும். கடைமடையில் நிற்பவர் கையில் என்ன வந்து சேர்ந்தது என்று கேட்கும் வரலாறே முழுமையுடையதாகும்.