அன்பும் அதன் வரம்பும்: இடைக்காலத் துறவுமடங்களில் ஆசிரியரும் மாணாக்கரும்

ஆசிரியர் தம் மாணாக்கர்மீது அன்பு கொள்ளவேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். அவ்வன்பை எவ்வாறு வெளிப்படுத்துவது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுகின்றது. அடித்துத் திருத்துவதே அன்பு என்பர் ஒரு சாரார். அருகழைத்துச் சலுகை காட்டுவதே அன்பு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டிலும் இடர் உண்டென அஞ்சி, பாடத்தைச் சொல்லிவிட்டு விலகி நிற்பதே நலம் என்பர் வேறு சிலர். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் அடிகள் தம்மைப் பாலூட்டும் தாய்க்கும் (2:7) பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் தகப்பனுக்கும் (2:11) ஒப்பிடுகிறார். தாயும் அல்லாத, தந்தையும் அல்லாத ஆசிரியர் ஒருவர் அவ்விருவரின் அன்பையும் எவ்வடிவில் காட்டுவது? இவ்வினாவைத் திருச்சபை வரலாற்றினிடம் கேட்போமாயின், 10ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரையிலான மேலைத் திருச்சபையின் துறவுமடங்கள் ஆழ்ந்த விடையொன்றைத் தருகின்றன.

காணிக்கைச் சிறுவர்

அக்காலத் துறவுமடங்களில் வளர்ந்தோர் பலர் தாமே விரும்பி வந்தவர் அல்லர். சிறு வயதில் பெற்றோரால் ஒப்படைக்கப்பட்டவர்கள். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெனடிக்டின் மட ஒழுங்கு, அதன் 59ஆம் அதிகாரத்தில், இவ்வொப்படைப்பின் முறையைக் கூறுகிறது. பெற்றோர் எழுதிய விண்ணப்பத்தையும் சிறுவனின் கையையும் பலிபீடத் துணியில் சுற்றி, காணிக்கையோடு சேர்த்துக் கடவுளுக்குப் படைப்பர். ஆங்கிலத் திருச்சபை வரலாற்றை எழுதிய பீட், ஏழாம் வயதில் மடத்தில் சேர்க்கப்பட்டவரே.

இத்தகைய சிறுவனின் உள்ளம் எவ்வாறிருந்தது என்பதை ஆர்டெரிக் விட்டாலிஸ் என்னும் வரலாற்றாசிரியர் பதிவு செய்துள்ளார். 1085இல், தம் பத்தாம் வயதில், அவர் இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து நார்மண்டியிலுள்ள புனித எவ்ரூல் மடத்துக்கு அனுப்பப்பட்டார். அழுதுகொண்டிருந்த தந்தை அழுதுகொண்டிருந்த மகனை ஒரு துறவியிடம் ஒப்படைத்தார். அதன்பின் இருவரும் சந்திக்கவேயில்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அக்காட்சி அவர் நினைவை விட்டு அகலவில்லை. எகிப்தில் யோசேப்பு அறியாத மொழியைக் கேட்டதுபோலத் தாமும் கேட்டதாக அவர் எழுதுகிறார். எனினும், அந்நியரிடையே தயவையும் நட்பையும் கண்டதாகவும் நன்றியோடு கூறுகிறார்.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இச்சிறுவன் மடத்தைவிட்டுப் போக இயலாதவன். முறையிடத் தாய் தந்தையர் அருகிலில்லாதவன். அவனுக்கு ஆசிரியரே பெற்றோரும் ஆளுநரும் நீதிபதியும் ஆவார். இத்துணை அதிகாரம் ஒருவர் கையில் குவியும் இடத்தில், அன்பு என்னும் சொல் எளிதில் திரிபடையக்கூடும்.

அடியாக வெளிப்பட்ட அன்பு

முதல் திரிபினை நோஜான் மடத் தலைவர் கிபேர் ஏறத்தாழ 1115இல் எழுதிய தன்வரலாற்றில் காண்கிறோம். தந்தையை இழந்த அவருக்குத் தாயார் வீட்டிலேயே ஓர் ஆசிரியரை அமர்த்தினார். அவ்வாசிரியர் நேர்மையானவர், மாணாக்கன்மீது உண்மையான அன்புடையவர். ஆனால் முதிர்ந்த வயதில் இலக்கணம் கற்றவராதலின், கற்பிக்கும் திறன் அவரிடம் குறைவு. தம்மால் விளக்க இயலாததை மாணாக்கன் அறிந்திருக்க வேண்டுமென எதிர்பார்த்து, நாள்தோறும் அடித்தார். ஒருநாள் தாயார் மகனின் மேலாடையை விலக்கித் தழும்பேறிய உடலைக் கண்டு மனங்கலங்கி, இனிப் படிக்க வேண்டாம் என்றார். மகனோ, இறந்தாலும் கற்றலைக் கைவிடேன் என்றான்.

கிபேர் தம் ஆசிரியரை வெறுக்கவில்லை. தாமும் அவரை நேசித்ததாகவே எழுதுகிறார். ஆயினும் அவருடைய தீர்ப்புத் தெளிவானது: தம் அறியாமைக்குரிய தண்டனையை ஆசிரியர் மாணாக்கனின் முதுகில் செலுத்தினார். அன்பு இருந்தது, அதற்குரிய வடிவம் இல்லை. நல்ல நோக்கம் தவறான செயலை நன்றாக்கிவிடாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

அன்செல்மின் வழி

இளைஞரான கிபேருக்குப் பிற்காலத்தில் வழிகாட்டிய மற்றொருவர் பெக் மடத்தின் அன்செல்ம் ஆவார். 1060இல் அம்மடத்தில் துறவுபூண்ட அன்செல்ம், 1063இல் அதன் துணைத் தலைவரானார். அவருடன் வாழ்ந்து அவருடைய வரலாற்றை எழுதிய ஈட்மர் இரு நிகழ்ச்சிகளைக் குறிப்பிடுகிறார்.

ஒருமுறை வேறொரு மடத்தின் தலைவர் அன்செல்மிடம் வந்து, தம்மிடமுள்ள சிறுவரை இரவும் பகலும் அடித்தும் அவர்கள் மேலும் கெடுகின்றனரே எனப் புலம்பினார். அவர்கள் வளர்ந்தபின் எத்தகையோர் ஆகின்றனர் என்று அன்செல்ம் கேட்டார். மந்தமும் முரட்டுத்தனமும் உடையோர் ஆகின்றனர் என்று விடை வந்தது. அப்பொழுது அன்செல்ம், இளமரத்தை நாற்புறமும் நெருக்கி அடைத்துவைத்தால் அதன் கிளைகள் கோணலாகவே வளரும் என்றார். பொற்கொல்லன் தகட்டை ஓயாமல் அடிப்பதில்லை. சில வேளை மெல்ல அழுத்துகிறான், சில வேளை பதமாக உயர்த்துகிறான் என்றும் எடுத்துக்காட்டினார். தம்மிடம் அன்போ இரக்கமோ காணாத சிறுவர் பிறர் செய்யும் யாவற்றையும் பகையென்றே கொள்வர் என்பது அவர் கருத்து. வந்தவர் தம் பிழையை உணர்ந்து அவர் காலில் விழுந்தார்.

மற்றொரு நிகழ்ச்சி ஆஸ்பெர்ன் என்னும் இளந்துறவியைப் பற்றியது. கூர்மதியும் கைத்திறனும் படைத்த அவன் அன்செல்மை வெறுத்தான். அன்செல்ம் அவனுடைய குறும்புகளைப் பொறுத்து, மட ஒழுங்குக்கு முரணாகாத சலுகைகளை அளித்து, அவன் உள்ளத்தை வென்றார். வென்றபின் அச்சலுகைகளைச் சிறிது சிறிதாக விலக்கி, முதிர்ந்தவனுக்குரிய ஒழுக்கத்தில் அவனை நிறுத்தினார். பின்பு அவன் கொடிய நோயுற்றபோது இரவும் பகலும் படுக்கையருகே இருந்து உணவும் நீரும் ஊட்டினார். அவன் இறந்தபின் ஓராண்டு முழுவதும் நாள்தோறும் அவனுக்காகத் திருப்பலி நிறைவேற்றினார்.

இதனைப் போற்றும்போது குறைகளை மறைக்கலாகாது. பிற்கட்டத்தில் அன்செல்மும் ஆஸ்பெர்னைச் சொல்லால் மட்டுமன்றி அடியாலும் திருத்தினார் என்றே ஈட்மர் எழுதுகிறார். அவர் தம் காலத்தினின்று முற்றிலும் விடுபட்டவர் அல்லர். மேலும், மடத் தலைவர் ஒருவரைவிட மற்றொருவரை அதிகமாக நேசிக்கலாகாது எனப் பெனடிக்டின் ஒழுங்கு இரண்டாம் அதிகாரத்தில் எச்சரிக்கிறது. ஆஸ்பெர்னுக்குக் கிடைத்த சலுகை அவ்வெல்லையை நெருங்குகிறது. ஆனால் அச்சலுகை அவனைத் தம்மோடு கட்டிவைக்கும் கயிறாக நீடிக்கவில்லை. அவன் வளர வளரக் குறைந்தது. இதுவே கருதத்தக்கது.

இவ்வியல்பை 1070களில் மோரிஸ் என்னும் இளந்துறவிக்கு அன்செல்ம் எழுதிய கடிதத்திலும் காணலாம். மோரிஸ் அப்பொழுது கேண்டர்பரிக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவரைப் பிரிந்த வருத்தம் அன்செல்முக்கு இருந்தது. ஆயினும், அங்குள்ள ஆர்னல்ஃப் என்னும் ஆசிரியர் இலக்கணத்தில் வல்லவர் எனக் கேள்வியுற்று, தம்மிடம் கற்காமல் விட்டவற்றை அவரிடம் கற்றுக்கொள்ளும்படி வற்புறுத்துகிறார். தம் மாணாக்கன் வேறோர் ஆசிரியரால் உயர்வதைக் கண்டு மகிழ்வது, உடைமையாக்கிக்கொள்ளாத அன்பின் அடையாளமாகும்.

வரம்பு வகுத்தோர்

அன்செல்மின் கனிவை மட்டும் எடுத்துரைத்து நிறுத்துவோமாயின் வரலாற்றின் பாதியையே கூறியவராவோம். அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே, 970ஐ ஒட்டிய ஆண்டுகளில், எட்கர் மன்னன் காலத்தில் வின்செஸ்டரில் கூடிய சங்கம் இங்கிலாந்தின் மடங்களுக்கெல்லாம் பொதுவான ஒழுங்கொன்றை ஏற்றது. ‘ரெகுலாரிஸ் கன்கார்டியா’ எனப்படும் அதனைத் தொகுத்தவர் ஆயர் ஈதல்வோல்ட் என்பர். துறவியரோ மடத் தலைவரோ சிறுவரைத் தழுவுதலும் முத்தமிடுதலும் கூடாது என்றும், முகத்துதியான சொற்களைத் தவிர்க்கவேண்டும் என்றும், அவர்களை மரியாதையோடும் மிகுந்த கவனத்தோடும் நேசிக்கவேண்டும் என்றும் அது விதித்தது. ஆன்மிகக் காரணத்தைச் சாக்கிட்டும் எவரும் சிறுவனைத் தனியே அழைத்துச் செல்லலாகாது. ஆசிரியரேயாயினும் மூன்றாவது ஆள் சாட்சியாக இல்லாமல் அவனோடு இருத்தலாகாது.

அன்செல்மின் ஆசிரியரான லான்ஃபிராங்க், கேண்டர்பரி பேராயரானபின் ஏறத்தாழ 1077இல் வகுத்த ஒழுங்கும் இத்தகையதே. சிறுவர் ஒருவரையொருவர் தொடாதவாறு இடைவெளிவிட்டு அமர்ந்தனர். அனுமதியின்றி எவரும் அவர்கள் பள்ளிக்குள் நுழையவோ அவர்களோடு பேசவோ இயலாது.

இவ்விதிகளை இன்றைய சிறார் பாதுகாப்புச் சட்டங்களோடு அப்படியே சமப்படுத்துதல் பொருந்தாது. துறவியரின் தூய்மையே அவற்றின் முதல் அக்கறை. விதி இருந்ததாலேயே தீமை ஒழிந்ததும் இல்லை. ஏறத்தாழ 1049இல் பீட்டர் டேமியன், ஒன்பதாம் லியோ போப்பாண்டவருக்கு எழுதிய நூலில், இளையோரைத் தவறாக அணுகிய குருமாரையும், அறிந்தும் நடவடிக்கை எடுக்காத மேலதிகாரிகளையும் கடுமையாகச் சாடினார். எனினும், நல்லெண்ணம் ஒன்றையே நம்பி இளையோரை ஒருவரிடம் ஒப்படைத்தலாகாது என்னும் பட்டறிவு அவ்விதிகளில் உறைந்துள்ளது. மடத் தலைவருக்கே அது விலக்களிக்கவில்லை என்பது மிக முக்கியமானது.

நாம் கற்பன

அன்பையும் வரம்பையும் எதிரெதிராக நிறுத்தும் வழக்கம் நம்மிடையே உண்டு. வரம்பு வகுத்தால் நல்லாசிரியரைச் சந்தேகிப்பதாகும் என்று சிலர் வருந்துகின்றனர். அன்பு காட்டினால் பழி வருமோ என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். ஆனால் வின்செஸ்டர் ஒழுங்கு சிறுவரை நேசியாதிருங்கள் என்று கூறவில்லை. மரியாதையோடு நேசியுங்கள் என்றே கூறியது. மரியாதையோடு கூடிய அன்பு மூன்றாமவர் முன்னிலையில் நாணாது. அது மாணாக்கனின் உடலையும் தனிமையையும் தனக்குரியதாகக் கொள்ளாது. அவன் பெயரை அறிதல், அவன் எழுதியதைப் பொறுமையோடு படித்துத் திருத்துதல், நோயில் உடனிருத்தல், அவனுக்காக மன்றாடுதல், தன்னிலும் வல்லாரிடம் அவனை அனுப்புதல் ஆகியவற்றில் அது வெளிப்படும்.

இறையியல் கல்லூரி மாணாக்கர் சிறுவர் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் மதிப்பெண்ணும், ஆயருக்கு எழுதும் பரிந்துரையும், குருத்துவத் திருநிலைப்பாட்டுக்கான வழியும் ஆசிரியர் கையில் இருக்கும்வரை, அவர் காட்டும் அன்பை மறுக்கும் உரிமை மாணாக்கருக்கு முழுமையாக இல்லை. திருச்சபைகள் நடத்தும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் உள்ள பிள்ளைகளுக்கு அவ்வுரிமை அதனினும் குறைவு. ஆதலின் வரம்பைக் கேட்டுப் பெறவேண்டியவர் மாணாக்கர் அல்லர். அதனைத் தாமே முன்வந்து ஏற்கவேண்டியவர் ஆசிரியரே. தந்தையைப் பிரிந்து வந்த ஆர்டெரிக், முதுமையிலும் நன்றியோடு நினைத்தது அந்நியரின் தயவையே. நம்மிடம் ஒப்படைக்கப்படுவோரும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அச்சமோ தழும்போ இன்றி நம்மை நினைவுகூர இயலுமாயின், நம் அன்பு தனக்குரிய வடிவத்தைப் பெற்றது எனலாம்.