பிளாப்பியில் வந்த விருந்தாளி - கணினி வைரசும் அதற்கு மருந்து கண்ட கதையும்

கணினி வைரஸ் என்றதும் அமெரிக்காவிலோ ரஷ்யாவிலோ யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி அனுப்புகிறார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஐ.பி.எம். வகை பர்சனல் கம்ப்யூட்டரைத் தாக்கிய முதல் வைரஸ் பிறந்த ஊர் லாகூர் என்றால் நம்புவீர்களா? வைரசுகளை ஒழிக்கும் மென்பொருளை எழுதி ஜப்பான் வரை கொண்டுபோன நிறுவனம் ஒன்று இருப்பதோ சென்னையில்! போனிலேயே பேங்க் கணக்கை வைத்துக்கொண்டு அலையும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

லாகூர் சகோதரர்கள்

வருடம் 1986. லாகூரில் பாசித் ஃபாரூக் ஆல்வி, அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற அண்ணன் தம்பி இருவர் கணினிக் கடை நடத்திவந்தார்கள். அவர்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பலர் காசு கொடுக்காமல் காப்பி அடித்தார்கள். அப்படிச் செய்பவர்களைப் பிடிக்க அவர்கள் எழுதியதுதான் 'பிரெயின்' வைரஸ். அதற்குள் தங்கள் கடை முகவரியையும் போன் நம்பரையும்கூட எழுதி வைத்திருந்தார்கள்!

பிளாப்பியின் பூட் செக்டாரில் இந்த வைரஸ் உட்கார்ந்திருக்கும். பிளாப்பியை உள்ளே வைத்தபடி கணினியை ஆன் செய்தால் முதலில் படிக்கப்படுவது அந்த இடம்தான். உடனே வைரஸ் மெமரிக்குப் போய்விடும். பிறகு எந்த பிளாப்பியைப் போட்டாலும் அதிலும் ஒட்டிக்கொள்ளும். இன்டர்நெட் இல்லாமலேயே இது அமெரிக்கா வரை போனது. திருடனைப் பிடிக்க வைத்த பொறி ஊரையே பிடித்துக்கொண்டது.

ஜோஷிக்குப் பிறந்த நாள்

1990-ல் இந்தியாவில் ஒரு வைரஸ் தலைகாட்டியது. பெயர் ஜோஷி. ஒவ்வொரு ஜனவரி 5-ம் தேதியும் கணினி அப்படியே நின்றுவிடும். 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று டைப் செய்யச் சொல்லும். வாழ்த்துச் சொன்னால்தான் வேலை நடக்கும்! கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தி ரீஸ்டார்ட் செய்தாலும் மெமரியை விட்டுப் போகாது.

அந்தக் காலத்துப் பாதுகாப்பு என்ன தெரியுமா? ஐந்தேகால் அங்குல பிளாப்பியின் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பிளாப்பியில் யாரும் எதையும் எழுத முடியாது, வைரஸ் உட்பட. மொத்தச் செலவு ஒரு துண்டு ஸ்டிக்கர்!

சென்னையும் புனேயும்

1991-ல் ஜெ. கேசவர்தனன் சென்னையில் தொடங்கிய நிறுவனம் கே7 கம்ப்யூட்டிங். புனேயில் கைலாஷ் கட்கரின் கதை இன்னும் சுவாரசியம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், கால்குலேட்டர் ரிப்பேர் செய்தவர். ரிப்பேருக்கு வரும் கணினிகளில் வைரஸ் அதிகமாக இருப்பதைப் பார்த்து, கம்ப்யூட்டர் படித்த தம்பி சஞ்சயை மருந்து எழுதச் சொன்னார். அதுதான் 'குவிக் ஹீல்'. 1995-ல் விற்பனைக்கு வந்தது. 2016-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

இதில் ஒரு வணிகப் பாடம் இருக்கிறது. ஆன்டிவைரஸ் என்பது ஒருமுறை விற்று முடிக்கும் சரக்கு அல்ல. ஒவ்வொரு வைரசுக்கும் ஓர் அடையாளம் உண்டு. அந்த அடையாளப் பட்டியல் தினமும் புதுப்பிக்கப்பட வேண்டும். பால் அட்டை மாதிரி ஆண்டுக்கு ஆண்டு பணம் கட்டச் சொல்வது அதனால்தான். ஜப்பானில் கே7-இன் தொழில்நுட்பத்தை வைத்து சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் 2006-ல் 'வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ' என்று விற்றது. ஜீரோ என்றால் புதுப்பிக்கும் கட்டணம் பூஜ்யம்!

காதல் கடிதமும் சட்டமும்

2000, மே 4. 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு உலகம் முழுக்க ஈமெயில்கள் பறந்தன. திறந்தவர்களின் ஃபைல்கள் நாசமாயின. அவர்கள் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கடிதம் போனது. எழுதியவர் பிலிப்பைன்ஸ் நாட்டு மாணவர். ஆனால் வைரஸ் எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டம் அங்கே அப்போது இல்லாததால் வழக்கே நிற்கவில்லை. இந்தியாவில் அதே ஆண்டு அக்டோபர் 17-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறர் கணினியில் வைரசை நுழைப்பது அதன் 43-வது பிரிவில் வருகிறது.

பென் டிரைவ் காலம்

பிறகு பிரவுசிங் சென்டர்களும் பென் டிரைவும் வந்தன. ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் போன்ற ஊர்களில் வீட்டில் நெட் இல்லாத கணினிக்கும் வைரஸ் வந்தது இந்த வழியாகத்தான். பிரின்ட் எடுக்கப் போன பென் டிரைவ் சும்மா திரும்பாது. செருகியதும் தானாக ஓடும் 'ஆட்டோரன்' வசதியே வைரசுக்குக் கதவைத் திறந்துவிட்டது. பழைய விண்டோஸ்களில் மைக்ரோசாப்ட் அந்தக் கதவை அப்டேட் மூலம் மூடியது 2011 பிப்ரவரியில்!

பூட்டு இருந்தும் பூட்டாத வீடு

2017, மே 12. 'வானாகிரை' என்ற வைரஸ் ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் திணறின. ஆந்திர போலீசின் கணினிகள் சிலவும் மாட்டின. வேதனை என்னவென்றால், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ம் தேதியே வெளிவந்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையின் டேலி கணக்கு முழுவதும் இப்படிப் பூட்டப்பட்டால்? கடன் பாக்கி யாரிடம் எவ்வளவு என்பதே தெரியாமல் போய்விடும்.

2019-ல் தமிழ்நாட்டிலேயே ஒரு அதிர்ச்சி. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி பரவியது. முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30-ல், இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. இன்டர்நெட்டோடு இணைந்த, நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில்தான் அது இருந்தது, உலையை இயக்கும் பகுதி தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பில்லை என்றது. அந்தப் பிரிவினைதான் காப்பாற்றியது. முக்கியமானதைத் தனியாக வை என்பதே இதன் பாடம்.

இன்று கைக்குள்ளே

பிளாப்பி போய் போன் வந்துவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வருகிறது. இமாச்சலப் பிரதேச போலீஸ் 2024-லேயே இது பற்றி எச்சரித்தது. அது பத்திரிகை அல்ல, 'ஏபிகே' என்று முடியும் ஆப். இன்ஸ்டால் செய்து எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கொடுத்துவிட்டால் பேங்க் அனுப்பும் ஓடிபி திருடன் கைக்குப் போய்விடும்.

நாற்பது வருடக் கதையைப் பார்த்தால் ஒன்று புரியும். வைரஸ் பெரும்பாலும் தெரிந்தவர் கையால்தான் வருகிறது. அன்று நண்பன் கொடுத்த பிளாப்பி, பிறகு தெரிந்தவர் ஈமெயில், இன்று சொந்தக்காரர் அனுப்பிய பத்திரிகை. எனவே:

1. அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.
2. ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப் இன்ஸ்டால் செய்யாதீர்கள், அனுப்பியது மாமாவாக இருந்தாலும்.
3. கணக்கு, போட்டோ எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எடுத்துத் தனியாக வையுங்கள்.
4. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசம்.
5. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பணம் கைமாறிவிடும்.

அன்று ஒரு துண்டு ஸ்டிக்கர் செய்த வேலையை இன்று ஒரு நிமிட யோசனை செய்யும். வெள்ளம் வருமுன் அணை போடுவதுதானே புத்திசாலித்தனம்!