கோரி டென் பூம்: மன்னிப்பின் சாட்சி

கோரி டென் பூம் (1892–1983) நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்துக் கடிகாரக் கலைஞர், கிறித்தவ ஊழியர், எழுத்தாளர். இரண்டாம் உலகப் போரின்போது யூதர்களைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தவர். நம்பியவர்கள் வஞ்சித்த பிறகு மன்னிப்பது எப்படி என்பதைத் தம் வாழ்விலிருந்தே எடுத்துச் சொன்னவர்.

காட்டிக்கொடுப்பு

1944 பிப்ரவரி 28 அன்று காய்ச்சலோடு படுத்திருந்த கோரியைத் தேடி ஒரு டச்சுக்காரர் வந்தார். யூதர்களுக்கு உதவியதால் மனைவி கைதாகிவிட்டார், காவலரைச் சரிக்கட்ட 600 கில்டர் வேண்டும் என்று கெஞ்சினார். கோரி பணத்துக்கு ஏற்பாடு செய்தார்.

வந்தவர் நாஜிகளின் உளவாளி. அன்றே வீடு சோதனையிடப்பட்டது. வீட்டிலிருந்தவர்கள் கைதானார்கள், போலிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்த 6 பேர் மட்டும் அகப்படவில்லை. 84 வயதுத் தந்தை காஸ்பர் சில நாட்களிலேயே சிறைக்காவலில் இறந்தார். அக்காள் பெட்சி அந்த டிசம்பரில் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் உயிர்விட்டார். அதே மாத இறுதியில் கோரி அங்கிருந்து விடுதலையானார்.

1945 ஜூனில், தம்மைக் காட்டிக்கொடுத்தவர் யாரென்று அறிந்து அவருக்குக் கடிதம் எழுதினார். தந்தையின் சாவையும் அக்காளின் சாவையும் மறைக்காமல் குறிப்பிட்டு, அனைத்தையும் மன்னித்துவிட்டதாகத் தெரிவித்தார். இயேசுவிடம் வரும்படியும் அழைத்தார்.

நீட்டிய கை

1947இல் மியூனிக் ஆலயமொன்றில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்த கோரியிடம் ஒருவர் வந்தார். ராவன்ஸ்புரூக்கில் காவலராக இருந்தவர், இப்போது கிறித்தவர். மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினார். கோரியின் கை எழவில்லை. உள்ளே கோபம் தவிர வேறொன்றும் இல்லை. தம்மால் முடிவது கையைத் தூக்குவது மட்டுமே, அன்பை இயேசுவே தர வேண்டும் என்று ஜெபித்து, இயந்திரம்போல் கையைக் கொடுத்தார். அன்பு அதன் பிறகே வந்தது என்று எழுதியிருக்கிறார். மன்னிப்பு முதலில் கீழ்ப்படிதல், உணர்வு பின்னால் வரும் என்பதே அவர் கண்ட பாடம்.

நண்பர்கள் தந்த காயம்

பகைவரை மன்னித்தவருக்கு நண்பர்களை மன்னிப்பது கடினமாக இருந்தது. தாம் நேசித்து நம்பிய கிறித்தவ நண்பர்கள் சிலர் இழைத்த தீங்கை மன்னித்துவிட்டதாக நினைத்தார். ஆனால் நள்ளிரவில் அது மீண்டும் மனதில் ஓடத் தொடங்கி, வாரக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தது. ஒரு லூத்தரன் போதகர் ஆலய மணியைக் காட்டி விளக்கினார்: கயிற்றை விட்ட பிறகும் மணி சற்று நேரம் அடித்துத்தான் ஓயும், மன்னித்த பிறகும் பழைய நினைவு வந்தால் கலங்க வேண்டியதில்லை.

கதை அங்கே முடியவில்லை. எண்பது வயதைத் தாண்டிய பிறகும், அந்த நண்பர்கள் தவறை ஒப்புக்கொள்ளவே இல்லை என்று ஒருவரிடம் முறையிட்டு, அந்தத் தவறை நிரூபிக்கும் கடிதங்களை எடுத்துக் காட்டப் போனார். பாவங்களைக் கடவுள் சமுத்திர ஆழத்தில் போட்டுவிடுகிறார் என்று மீகா 7ஆம் அதிகாரத்தைக் கொண்டு ஊரெங்கும் பேசும் நீங்கள், நண்பர்களின் பாவத்துக்கு மட்டும் சாட்சியம் சேர்த்துவைக்கலாமா என்று அவர் கேட்டார். கோரி அன்றிரவே கடிதங்களை அடுப்பிலிட்டு எரித்தார்.

வேதாகம அடிப்படை

அவருடைய நிலைப்பாடு மத்தேயு 18ஆம் அதிகார உவமையோடு ஒத்துப்போகிறது. 10,000 தாலந்துக் கடன் தள்ளுபடியான வேலைக்காரன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனைச் சிறையில் தள்ளுகிறான். மன்னிக்கிறவர் முதலில் தாமே மன்னிப்புப் பெற்றவர் என்பது இதன் அடித்தளம். தீங்கைத் தீங்கென்று சொல்வதை மன்னிப்பு தடுப்பதில்லை. முகாமின் கொடுமைகளைக் கோரி தம் நூல்களில் விரிவாகவே பதிவுசெய்தார்.

பணியும் நினைவும்

போருக்குப் பின் புளூமெண்டாலில், முகாம்களிலிருந்து மீண்டவர்களுக்காக மறுவாழ்வு இல்லம் நடத்தினார். பகைவரை மன்னிக்க முடிந்தவர்களே வாழ்வை மீண்டும் கட்டியெழுப்பினார்கள் என்று அங்கே கவனித்தார். பல நாடுகளுக்குச் சென்று ஊழியம் செய்தார். 1967இல் இஸ்ரேலின் யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாத் வாஷெம் அவரைக் கௌரவித்தது. 1971இல் வெளிவந்த ‘தி ஹைடிங் பிளேஸ்’ நூல் 1975இல் திரைப்படமானது. 1983 ஏப்ரல் 15 அன்று, தம் 91ஆம் பிறந்தநாளில், கலிபோர்னியாவில் காலமானார். ஹார்லெமிலுள்ள அவருடைய வீடு 1988 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது.