அன்பு என்றொரு வரி

"வெட்டியா இருக்கேன்" என்று யாராவது சொன்னால் வேலை இல்லாமல் இருக்கிறார் என்று புரிந்துகொள்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். அங்கே வெட்டி என்றால் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய வேலை. அதோடு சேர்ந்து முட்டையாள் என்று இன்னொரு ஆளுழைப்பும் வரும். வருகிற அதிகாரிகளுக்குச் சோறு போடுகிற எச்சோறும் வரும். கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களை எண்ணிப் பட்டியலிட்ட ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா, அதிகம் தென்படும் பெயர்களில் வெட்டியையும் ஒன்றாகக் காட்டுகிறார். வடமொழியின் 'விஷ்டி' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்.

இடுப்பு ஒடியச் செய்த வேலைக்கான பெயர் எப்படிச் சும்மா இருப்பதற்கான பெயராக மாறியது? என் ஊகம் இது. கூலி கிடைக்காத வேலை முதலில் பயனில்லாத வேலை ஆகிறது. பிறகு அது வேலையாகவே கண்ணில் படுவதில்லை. செய்கிற ஆள் 'சும்மா இருக்கிற ஆள்' ஆகிவிடுகிறார்.

இதை யோசிக்கவைத்தது பாகூரில் இருக்கும் என் அத்தையின் தையல் மிஷின். அத்தை ரவிக்கை தைப்பார், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பார், ஆரி ஒர்க்கும் கற்றுக்கொண்டார். ஒரு லைனிங் ரவிக்கைக்கு அளவு எடுத்து, வெட்டி, லைனிங்கைச் சேர்த்து அடித்து, கையால் கொக்கி கட்டி, ஓரம் மடித்துத் தைத்து முடிக்க அரைநாள் போய்விடும். கையில் ஆரி வேலை வேண்டும் என்றால் மூன்று நாள். அந்த மூன்று நாளும் கண்ணும் கழுத்தும் அவருடையவை அல்ல. தெருவில் கேட்பவர்கள் கேட்கும் விதம் ஒன்றேதான். "ஊட்ல சும்மாதான இருக்க, ரெண்டு ரவிக்க தச்சுக் குடேன். நமக்குள்ள இன்னா காசு?" கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் "நூலுக்கு எவ்ளோ ஆச்சுன்னு சொல்லு, குடுத்துடுறேன்" என்பார்கள். அதாவது நூலுக்கு விலை உண்டு, கைக்கு இல்லை.

என் தொழிலிலும் இது நடக்கிறதுதான். "ஒரு சின்ன வெப்சைட்தானே ப்ரோ, ஒரு சண்டே போதும் உனக்கு" என்பவர்கள் உண்டு. ஆனால் எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றை இழந்தால் தூக்கம்தான் போகும். அத்தைக்கு அந்த மிஷினில்தான் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் ஓடுகிறது.

இந்த "நமக்குள்ள" என்ற சொல் பழையது. எவ்வளவு பழையது என்று தேடினால் குஜராத்தின் ஜூனாகட் பாறைவரை போகிறது. அங்கே சக மன்னன் ருத்ரதாமன் பொ.யு. 150 வாக்கில் ஒரு கல்வெட்டு வெட்டிவைத்தான். சந்திரகுப்த மௌரியன் காலத்தில் உருவான சுதர்சன ஏரியின் கரை புயல்மழையில் உடைந்துபோக, அதைத் தன் கருவூலப் பணத்தில் கட்டினேன் என்று பெருமைப்படுகிறான். மக்களை மூன்றால் வருத்தவில்லை என்கிறான்: கரம், விஷ்டி, பிரணயம். கரம் என்றால் வரி. விஷ்டி என்றால் நம் வெட்டி. மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. பிரணயம் என்றால் அன்பு. அன்போடு கேட்கும் வேண்டுகோள் என்றும் கொள்ளலாம். அரசன் 'அன்பாக' கேட்டு வாங்கும் வரிக்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்!

அர்த்தசாஸ்திரம் இதற்கு முறை வகுத்திருக்கிறது. கருவூலம் வற்றிப்போன நெருக்கடியில் அரசன் இப்படிக் கேட்கலாம். ஆனால் ஒருமுறைதான், இரண்டாவது முறை கூடாது. நம் சொந்தபந்தங்களுக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. பொங்கலுக்கு ஒன்று, சடங்குக்கு ஒன்று, வளைகாப்புக்கு ஒன்று என்று வருடம் முழுக்கப் பிரணயம்தான்.

சரி, அந்தக் காலத்தில் தையலுக்குக் கூலியே இல்லையா என்றால், இருந்தது. புகார் நகரத்தின் தொழிலாளர்களை வரிசைப்படுத்தும்போது சிலப்பதிகாரம் துணி தைக்கும் துன்னகாரரையும் சேர்த்துச் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டிய நீண்ட கல்வெட்டில் ஆடல் மகளிர் 400 பேரோடு கோயில் பணியாளர்களின் பட்டியலும் இருக்கிறது. அதில் தையற்காரர்களும் வருகிறார்கள். மணிகளைக் கோத்துத் தைக்கும் 'இரத்தினத் தையான்' தனியாக வருகிறார். ஒவ்வொருவருக்கும் எத்தனை பங்கு என்று எழுதியிருக்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தையல் கூலியைச் சுவரில், அதுவும் கருங்கல்லில், பொறித்து வைத்திருக்கிறார்கள். "நமக்குள்ள இன்னா" என்று அங்கே யாரும் பேரம் பேச முடியாது.

பாகூருக்கே இப்படி ஒரு பெருமை உண்டு. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று கிராமங்களின் வருவாயை எழுதிக்கொடுத்தன. கற்பிப்பவர்களிடம் "உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லித் தர்றீங்க" என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இதையெல்லாம் வைத்து அது பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. இரத்தினத் தையானுக்குப் பங்கு எழுதிய அதே சோழ அரசுதான் குடிகளிடம் வெட்டியும் வாங்கியது. எழுதிவைத்த வேலைக்குக் கூலி, எழுதாத வேலை வெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதாத இடத்திலும் கை கொஞ்சம் ஓங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. அது பாகூரைச் சுற்றியே நடந்தது. 1674 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். 1690இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர்கள் வாங்கினார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான், நடுவில் பாகூர்ப் பக்கம். இரண்டு கம்பெனிகளும் நம் துணிக்காகத்தான் வந்திருந்தன. 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களைப் பற்றி எழுதிய வரலாற்றாளர் பிரசன்னன் பார்த்தசாரதி ஒரு விஷயத்தைக் காட்டுகிறார். நெசவாளி முன்பணம் வாங்குவார். நிபந்தனை பிடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக்கொடுத்துவிட்டு வேறு ஆளுக்கு நெய்வார். நெருக்கினால் தறியோடு ஊரையே மாற்றிக்கொள்வார். கேட்பவர் பலராக இருந்தவரை நெசவாளியால் விலை சொல்ல முடிந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனி எதிரிகளை ஒடுக்கி ஆட்சியைப் பிடித்த பிறகு அதிகாரத்தை வைத்து நெசவாளியைக் கட்டிப்போட்டது. அந்த வாய் அடைந்துபோயிற்று.

அத்தையின் நிலைமை அந்தப் பிற்பகுதி நெசவாளியின் நிலைமை. அவரால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போக முடியாது. கேட்பவர்கள் நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீடு. முடியாது என்று சொன்னால் நாளைக்குக் குழாயடியில் முகம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கிராமத்து வண்ணாருக்கும் நாவிதருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் அறுவடைக் களத்தில் நெல் அளக்கும் வழக்கம் இருந்தது. அளவு குறைவாக இருந்தது, அதை வாங்கவும் கைகட்டி நிற்கவேண்டியிருந்தது. ஆனாலும் அது ஒரு கணக்கு. அந்தக் களத்துப் பட்டியலில் பொதுவாகத் தையற்காரர் இல்லை. வேட்டியும் புடவையும் தைக்காத துணிகள்தானே. ரவிக்கை எல்லா வீட்டுக்கும் வந்துசேர்ந்தபோது களத்து நெல் பழக்கமே தேயத் தொடங்கியிருந்தது. கணக்கு இல்லாத தொழிலாகத்தான் தையல் ஊருக்குள் வந்தது. அதிலும் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்யும் தொழிலாக வந்தது.

வீட்டுக்குள் ஊசி பிடிப்பதற்குக் காசு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாகர்கோவில் சாட்சி. 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கிய அடிமைப் பெண்கள் உண்டு. காசு கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆந்திராவின் நரசாபூர். அங்கும் மிஷனரிகள் வழியாகத்தான் லேஸ் வந்தது. 1970களின் இறுதியில் ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆராய்ந்து, 1982இல் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் பெண்கள் வீட்டு வேலையெல்லாம் போக நாளில் பல மணி நேரம் பின்னினார்கள். லேஸ் கடல் கடந்து போனது, வியாபாரிகள் கொழித்தார்கள். பின்னியவர்களுக்குக் கிடைத்தது சில்லறை. காரணம் ஒரே ஒரு சொல். அவர்கள் 'குடும்பப் பெண்கள்', 'ஓய்வு நேரத்தில்' பின்னுகிறார்கள். வேலை என்று பெயர் வைத்தால்தானே கூலி கேட்பார்கள். எங்கள் தெருவின் "சும்மாதான இருக்க" என்பதும் நரசாபூரின் 'ஓய்வு நேரம்' என்பதும் ஒரே நூல்கண்டுதான்.

அதே 1982இல் டெல்லியில் ஒரு தீர்ப்பு வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டிய தொழிலாளர்களின் நாள்கூலி 9.25 ரூபாய். அதில் 1 ரூபாயை ஜமாதார்கள் கமிஷனாகப் பிடித்தார்கள். மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் கடிதம் எழுத, அதையே மனுவாக ஏற்றது உச்ச நீதிமன்றம். அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு 'பேகார்' எனப்படும் கூலியில்லா வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்றார் நீதிபதி பகவதி. தடி தூக்கி மிரட்டினால்தான் கட்டாயம் என்றில்லை, வறுமையும் வேறு வழியின்மையும்கூடக் கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ரவிக்கை கேட்கும் நாத்தனார் மேல் 23ஆவது பிரிவில் வழக்குப் போட முடியாது. நான் எடுத்துக்கொள்வது அந்தப் பார்வையை மட்டும். "அவளாத்தான தச்சுக் குடுத்தா, நான் கட்டாயப்படுத்துனனா?" என்று கேட்பவரிடம், அவளால் மறுத்திருக்க முடியுமா என்று திருப்பிக் கேட்கலாம்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் காசு வாங்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. காசில்லாத வேலை எல்லாமே வெட்டி ஆகாது. உஸ்டேரிக்கு அடுத்துப் புதுச்சேரியின் பெரிய ஏரி பாகூர் ஏரி. இப்படிப்பட்ட ஏரிகளைத் தமிழ்நாடு முழுக்கக் குடிமராமத்து காப்பாற்றியது. ஊரே இறங்கித் தூர் வாரும், தண்ணீர் ஊருக்கே பாயும். பாசனம் இல்லாதவனை அதட்டி இறக்கினால் அதுவும் வெட்டிதான். பாய்கிறவரைக்கும் அது தன் வேலை.

மொய்யையும் பாருங்கள். நம்மைவிடக் கறாராக அன்பைக் கணக்கெழுதியவர்கள் யாராவது உண்டா? பந்தலில் மேசை போட்டு, பெயர், ஊர், தொகை என்று நோட்டில் ஏற்றுகிறோம். பத்து வருடம் கழித்து அந்த நோட்டைப் புரட்டி, நூறு ரூபாய் கூட்டித் திருப்பிச் செய்கிறோம். அதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் அந்தப் பந்தலில் பெண்ணின் அம்மா போட்டிருக்கும் ஆரி ரவிக்கைக்காக மூன்று நாள் குனிந்திருந்தவளின் உழைப்பு எந்த நோட்டிலும் ஏறவில்லை. திரும்பி வரும் கணக்கில் ஏறினால் மொய். ஏறாவிட்டால் வெட்டி.

அத்தை இரண்டு காரியம் செய்தார். மிஷினுக்கு மேலே சுவரில் அட்டை ஒன்றில் ரேட் எழுதி ஒட்டினார்: சாதா ரவிக்கை, லைனிங், ஃபால்ஸ், ஆரி. தஞ்சாவூர்ச் சுவரைப் பற்றி அவருக்குத் தெரியாது, டவுனில் கடையில் பார்த்ததுதான். சுவர் சொல்வதை வாய் சொல்ல வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலை. இரண்டாவது, ஒரு நீள நோட்டு. தைத்தது எல்லாம் முழு ரேட்டோடு அதில் ஏறும். சும்மா கொடுப்பதும் ஏறும். போன வருடம் ஓரகத்தி மகளின் சடங்குக்கு ஆரி ரவிக்கை கேட்டபோது அத்தை சொன்னார்: "அட்டையில ரேட்டு இருக்கு பாரு. காசு வாணாம். ஆனா பந்தல்ல தனியா மொய் வைக்க மாட்டேன், இதான் என் செய்முற." நோட்டிலும் 'செய்முறை' என்று எழுதினார். ஓரகத்திக்கு முதலில் முகம் சுருங்கியது. பிறகு சடங்கில் மொய் எழுதுகிறவரிடம் அவரே சொல்லி அதைத் தொகையோடு ஏற்றவைத்தார்.

எல்லோரும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் மூன்று மாதம் பேச்சில்லை. இன்னொருவர் டவுனில் தைக்கக் கொடுத்து, கை பிடிக்கிறது என்று பிரிக்க மட்டும் அத்தையிடம் வந்தார். பிரிக்கிற வேலைக்கும் இப்போது அட்டையில் ரேட் இருக்கிறது.

ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் மேல் இரண்டு ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்து மடித்து இருந்தன. கடைசி வீட்டில் புருஷனை இழந்த பெண்ணின் பிள்ளைகளுக்கு. நோட்டில் இல்லை.

"அத்தை, இத ஏத்தலையா?"

"அவ எங்கடா கேட்டா? நானா தச்சேன்" என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார்.