வேட்டை நாயின் பல்லும் லயத்து நாயின் சோறும்

இலங்கையின் பழங்கதையிலேயே மனிதர் முன் நாய் வந்து நிற்கின்றது. விசயனும் அவன் தோழரும் இத்தீவிற் கரையிறங்கியபோது இயக்கி ஒருத்தி நாய் வடிவெடுத்து வந்தாள் என்றும், நாய் உள்ள இடத்தில் ஊரும் இருக்குமெனத் துணிந்து தோழன் ஒருவன் அதனைப் பின்தொடர்ந்தான் என்றும் மகாவம்சம் கூறும். கதை எவ்வாறாயினும் அதனுட் பொதிந்த பட்டறிவு மெய்யானது. மனிதன் உலை வைக்கும் இடத்திலேயே நாயும் பசியாறுகின்றது. ஆதலால், மனிதனின் உணவு மாறுந்தோறும் நாயின் உணவும் மாறி வந்துள்ளது.

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் மலைப்பாதையில் அமைந்த ஊர் ஹுன்னஸ்கிரிய. ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடர். கிழக்கே, பதினெட்டு வளைவுகளைக் கடந்து பாதை இறங்கினால் விந்தனைச் சமவெளி. இவ்விரு நிலங்களிலும் நாய் இருவேறு வாழ்வு வாழ்ந்தது.

முதலாவது, வேட்டை வாழ்வு. 1660இல் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், தாம் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை 1681இல் நூலாக வெளியிட்டார். காட்டு வேடர் தம் மக்களுக்கு மணம் முடிக்கையில் வேட்டை நாய்களையே சீதனமாக அளித்தனர் என்பது அதிற் காணப்படும் செய்தி. ஒரு குடும்பத்தின் இரையைத் தேடித்தரும் நாய், அக்குடும்பத்தின் செல்வமாகவே மதிக்கப்பட்டது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு, மனிதனுக்கோ 32. நாயின் கடைவாய்ப் பற்களுட் சில, கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல ஒன்றையொன்று உரசித் தசையை அறுக்கும். தோலையும் தசைநாரையும் இழுத்துக் கிழிக்கும்போது பற்களின்மேற் படியும் அழுக்கு ஓரளவு உராய்ந்து நீங்கும்.

இரண்டாவது, தோட்ட வாழ்வு. 19ஆம் நூற்றாண்டிற் கண்டி மலைகளிற் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டது. 1869இற் கண்டறியப்பட்ட இலைநோயாற் கோப்பி அழியவே, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களிற் குடியேறினர். தோட்டம் வழங்கிய அரிசியின் விலை அவர்தம் கூலியிற் கழிக்கப்பட்டது. அந்த அரிசிச் சோற்றில் ஒரு பிடி, வாசலிற் படுத்திருந்த நாய்க்கும் சென்றது. பன்றியும் சிறுத்தையும் உலவும் மலையில், இரவெல்லாம் விழித்திருந்து குரைக்கும் காவலுக்கு அதுவே கூலி.

சோறு நாய்க்கு ஆகாத உணவா? அன்று. 2013இல் சுவீடன் நாட்டு அறிஞர் வெளியிட்ட ஆய்வு, மாச்சத்தைச் செரிக்கும் ஆற்றல் ஓநாயினும் நாய்க்கு மிகுதி எனக் காட்டியது. மனிதனோடு வாழ்ந்த நெடுங்காலம் நாயின் குடலையே மாற்றிவிட்டது. எனினும், வெறுஞ்சோறு மட்டும் போதாது; இறைச்சி, மீன், முட்டை போன்ற புரத உணவும் வேண்டும்.

தீங்கு பெரும்பாலும் சோற்றோடு சேர்வனவற்றால் விளைகின்றது. சம்பலிலும் குழம்பிலும் உள்ள வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் நாயின் செங்குருதி அணுக்களைச் சிதைத்துச் சோகையை விளைக்கும். சமைத்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைத் துளைக்கக்கூடும். சொக்கலேற்றும் திராட்சையும் நஞ்சாகும். அன்பினால் இடும் மிச்சமே ஆபத்தாதல் இவ்வாறுதான்.

நாய்க்கெனத் தனியுணவு செய்து விற்கும் வழக்கம் 1860களில் இலண்டனில் தோன்றியது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் கோதுமை, காய்கறி, இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பணியாரம் போற் சுட்டு விற்றார். கப்பற்காரர் எறிந்த காய்ந்த பிஸ்கற்றை நாய்கள் உண்பதைக் கண்டதே அவருக்கு அவ்வெண்ணத்தை அளித்தது என்பர். ஆயினும், கடைச் சரக்காயினும் வீட்டுச் சோறாயினும் பல்லைக் காக்கும் பொறுப்பு வளர்ப்பவரைச் சார்ந்ததே.

மனிதருக்கு வருவது போன்ற சொத்தைப்பல் நாய்களில் அரிது. பல்லின் அடியிற் படியும் ஊத்தை இறுகிக் காரையாகி ஈற்றை அழற்றுவதே அவற்றின் பெருநோய். மூன்று வயது கடந்த நாய்கள் பலவற்றில் இது காணப்படும். வாய் நாற்றம், சிவந்த ஈறு, ஒருபுறமாக மெல்லுதல், உணவை வாயிலிட்டு மீண்டும் கீழே போடுதல் ஆகியன அதன் அறிகுறிகள். மென்மையான தூரிகையாலோ விரலிற் சுற்றிய ஈரத்துணியாலோ நாள்தோறும் பல்லைத் துடைத்தல் நன்று. மனிதர் பயன்படுத்தும் பற்பசை கூடாது; அவற்றுட் சிலவற்றிற் கலந்துள்ள சைலிற்றோல் என்னும் இனிப்பு நாயின் உயிருக்கே இறுதியாகலாம். இறுகிய காரையை அகற்றுதல் விலங்கு மருத்துவரின் பணி.

சீதனமாய் வந்த நாயும் லயத்து வாசலிற் கிடந்த நாயும் தம் பல்வலியை எவரிடமும் சொன்னதில்லை. வலித்தாலும் வாலாட்டும், வலித்தாலும் இரவிற் காவல் நிற்கும். ஆதலாற் சோறிடும் கையே அதன் வாயையும் திறந்து பார்த்தல் வேண்டும்.